விசைப்படகுக்கு ஏர்லெஸ் ஸ்பிரே: பணியாட்களுக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி (குளச்சல்):
ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பட்டறைக்கு வரும் விசைப்படகுகளுக்கு இதுவரை பிரஷ்ஷால்தான் பெயிண்ட் அடித்து வந்தோம். இப்போது காற்று கலக்காமல் மிகுந்த அழுத்தத்தில் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்லெஸ் ஸ்பிரே இயந்திரம் வாங்கியிருக்கிறோம். நேற்று அடைத்துக்கொண்ட முனையை என் தம்பி விரலால் துடைக்கப் போனதைக் கண்டு பதறித் தடுத்தேன். வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் (தக்கலை):
நல்ல வேளை தடுத்தீர்கள், ஐயா. அந்த முனையில் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கக்கூடும். கையுறையையும் துளைத்துப் பெயிண்ட் சதைக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம், ஆனால் உள்ளே திசு அழுகி விரலையே எடுக்க நேரிடும். அப்படி நடந்தால் கட்டுப்போட்டுக் காத்திராமல், பெயிண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். முனையைக் கழற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கும் பிரைம் வால்வைத் திறந்து, எர்த் செய்த இரும்பு வாளிக்குள் ஸ்பிரே துப்பாக்கியின் விசையை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பின், அந்த விசையைப் பூட்டிவிடுங்கள்.

பதில் (தேங்காய்ப்பட்டணம்):
இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டின் ஹார்டனரில் (பெயிண்டை இறுக வைக்கும் டப்பாவில்) ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது ஆஸ்துமாவை வரவழைக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே பாதுகாப்பானது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மீன் அறையின் அடியில் தேங்கும். அங்கே காற்றோட்டம் இல்லாமல் அடிக்கவே கூடாது, பீடி நெருப்பும் சாதாரண பல்பும் அருகில் வரக்கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த முகமூடி வந்து சேரும்வரை பாலியூரித்தேன் வேலையை நிறுத்திவைக்கிறேன்.