எட்டு வயது மகன், 38 கிலோ: பரம்பரையா? ஜீன் டெஸ்ட் எடுக்கவா?

தெகிவளை_அம்மா:
மகனுக்கு இந்த மாதம் 8 வயது. உயரம் 132 செ.மீ., எடை 38 கிலோ. 5 வயது வரை எடை சாதாரணமாகத்தான் இருந்தது, தரம் ஒன்றுக்குப் போன பிறகுதான் ஏறினது. பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கு. அப்பப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் சீனி வருத்தம். வீட்டில் எல்லாரும் "பரம்பரை உடம்பு, ஒன்றும் செய்ய ஏலாது" என்கினம். ஒரு லாபில் ஜீன் டெஸ்ட் பெக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். தைரொயிட் ஹோர்மோன் டெஸ்டில் டிஎஸ்எச் 6.2, ஃப்ரீ டி4 நோர்மல். தைரொயிட் குளிசை தொடங்க வேணுமா?

பிள்ளைநோய்_டொக்டர்:
பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 21.8 வருது. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 8 வயது ஆண்பிள்ளைக்கு 19.7ஐத் தாண்டினால் உடற்பருமன்.

ஜீன் டெஸ்ட் இப்போது தேவையில்லை. ஒற்றை ஜீன் பழுதால் வரும் பருமன் பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தொடங்கும், பிள்ளைக்குப் பசி அடங்கவே அடங்காது. பிராடர்-வில்லி என்ற பிறவி ஜீன் நோய் என்றால் பிறந்தபோதே உடம்பு தளர்ந்து, பால் குடிக்கச் சிரமப்பட்டிருக்கும். பார்டெட்-பீடில் என்ற இன்னொரு பிறவி ஜீன் நோய் என்றால் ஆறாவது விரல், இரவில் பார்வைக் குறைவு. நீங்கள் எழுதினதில் இவை ஒன்றுமில்லை. லாப் பெக்கேஜ்கள் தரும் "ரிஸ்க் ஸ்கோர்" பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் கட்டினது, எங்கட பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

டிஎஸ்எச் இந்த அளவில் ஏறுவது பருமனின் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். ஃப்ரீ டி4 நோர்மல் என்றால் பொதுவாகக் குளிசை தேவைப்படாது. சில மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கலாம்.

கழுத்துக் கறுப்பு ஊத்தை இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளம். தேய்த்துக் கழுவினால் தோல்தான் புண்ணாகும். வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரி), கொழுப்பு, எஸ்ஜிபிடி (ஈரல் டெஸ்ட்) நாலும் காணும். இன்சுலின் அளவு பார்க்கக் காசு செலவழிக்காதீங்கோ. லாப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடிக்குப் போடும் உச்ச எல்லை பெரியவர்களுக்கானது. ஆண்பிள்ளைக்கு 26ஐத் தாண்டினாலே ஈரல் கொழுப்பை யோசிக்க வேணும். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டி (கஃப்) கைக்கு அளவாக இருக்கட்டும், சின்னக் கஃப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

வெள்ளவத்தை_உணவியல்:
பரம்பரை என்பது உண்மை, "ஒன்றும் செய்ய ஏலாது" என்பதுதான் பிழை. 2007இல் கண்டுபிடித்த எஃப்டிஓ போன்ற ஜீன் வேறுபாடுகள் முக்கியமாகப் பசியிலும் வயிறு நிறைந்த உணர்விலும்தான் கைவைக்கின்றன. சாப்பிட்டு முடித்த பிறகும், கண்முன்னே இருந்தால் இந்தப் பிள்ளைகள் எடுப்பார்கள். அதனால் ஏசுவதில் பலனில்லை, கைக்கெட்டுவதை மாற்றுங்கோ. சோற்றுச் சட்டியை மேசையில் வைக்காமல் குசினியிலேயே கோப்பையில் போட்டுக் கொடுங்கோ: பாதி மரக்கறி, கால் சோறு, கால் மீன் அல்லது பருப்பு. சோடா, பக்கெட் ஜூஸ் வீட்டுக்கே வரக்கூடாது. 100 மில்லியில் 10 கிராம் சீனி இருந்தால் 400 மில்லிப் போத்தலில் 40 கிராம், கிட்டத்தட்ட 8 தேக்கரண்டி. மோல்ட் பாலில் ஏற்கெனவே சீனி இருக்கு, மேலே போடாதீங்கோ. டியூஷனுக்கு முன் ரோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை, முட்டை, கொய்யா. அதிகம் சறுக்கும் இடம் எது என்றால், பிள்ளைக்கு மட்டும் டயட் போட்டு மற்றவர்கள் கொத்துரொட்டி சாப்பிடுவது. அப்போது அவன் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவான்.

இடுப்பையும் அளவுங்கோ, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. உயரத்தில் பாதிக்குள், அதாவது 66 செ.மீ.க்குக் கீழே இருக்க வேணும். ஒரே பிஎம்ஐயிலும் தெற்காசியப் பிள்ளைகளுக்குத் தசை குறைவு, கொழுப்புக் கூட.

தெகிவளை_அம்மா:
மிச்சம் நன்றி. எத்தனை கிலோ குறைக்க வேணும்?

பிள்ளைநோய்_டொக்டர்:
குறைக்கவே தேவையில்லை, 38லேயே நிற்கட்டும். வருஷத்தில் 5.5 செ.மீ. வளர்ந்தால் 9 வயதில் பிஎம்ஐ 20.1, அந்த வயதின் எல்லை 20.5. மாதம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் நிறுத்தால் போதும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட வேணும், 9 மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை வேணும்.

வெறும் வயிற்றுச் சீனி 100ஐயோ (mg/dl) எச்பிஏ1சி 5.7%ஐயோ தொட்டால் கடிதம் வாங்கிக்கொண்டு பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியின் ஹோர்மோன் கிளினிக்குக் காட்டுங்கோ. தாகம் கூடி, இரவில் அடிக்கடி சலம் போனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கோ.