பெங்களூருவில் லீ பெர்ரியைக் கேட்டவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மைக்செட்காரர் மகன், அல்சூர்

என் அப்பா அல்சூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் மைக்செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றல், தேர்தல் கூட்டம் என்று எங்கள் கூம்பு ஸ்பீக்கர்கள் போகாத தெரு இல்லை. அவர் காலமான பிறகு கிடங்கைக் காலி செய்யும்போது, கோணிப்பைகளுக்கு அடியில் ஓர் எக்கோ மெஷின் கிடைத்தது. மெல்லிசைக் குழுக்கள் ஒரு காலத்தில் பாடகரின் குரலுக்கு எதிரொலி கொடுக்க மேடையில் வைத்திருந்த பெட்டி அது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

எஸ்.பி. ரோட்டில், ஒரு மாடிப்படிக்கு அடியில் பழைய டேப் ரெக்கார்டர்களைப் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றினார். உள்ளே டேப் ஒன்று முனையோடு முனை ஒட்டி வளையமாகச் சுற்றும்படி இருந்தது. ஒட்டிய இடத்தில் விட்டுப்போயிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டுகளைத் துடைத்தார். பழுப்பு நிறத் தூள் வந்துகொண்டே இருந்தது. “பதிவு செய்கிற ஹெட் ஒன்றுதான் தம்பி. அதே சத்தத்தைத் திரும்பப் படிக்கிற ஹெட்டுகள்தான் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் ஒரு தடவை சொன்னதை இது பின்னாலேயே வந்து மூன்று தடவை சொல்லும்” என்றார். பிறகு புது டேப் வளையத்தைப் போட்டு ஒரு திருகைச் சற்றே அதிகம் திருப்பினார். வெளியே வந்த எதிரொலி மறுபடியும் உள்ளே போய், அதன்மேல் அதுவே ஏறி ஏறி, ஊளையிட ஆரம்பித்தது. அவர் பதறாமல் திருகைப் பின்னுக்கு இழுத்தார். ஊளை மெல்லக் கரைந்தது.

கட்டை உடைந்த கீபோர்டுடன் அங்கே காத்திருந்த ஓர் இளைஞர் இதைக் கேட்டு எழுந்து வந்தார். “அண்ணா, இதை வைத்தே ஒருவர் வாழ்நாள் முழுக்க இசை செய்திருக்கிறார்” என்று சொல்லித் தன் போனை அந்தப் பெட்டியோடு இணைத்தார். 1976இல் வந்த ‘சூப்பர் ஏப்’ ஆல்பம். ஜமைக்காவின் இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி என்ற பெயரை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். தாளம் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று கிட்டார் காணாமல் போகும், அடிநாதம் வாசிக்கும் பாஸ் கிட்டார் மட்டும் தனியாக நடக்கும், போன குரல் எங்கோ தூரத்திலிருந்து ஒரு சொல்லை மட்டும் வீசிவிட்டு மறையும். ஆம்ப்ளிபயரில் எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அப்பாவின் விரல்கள் மேடைக்குப் பக்கத்தில் செய்துகொண்டிருந்த வேலைதான். அதையே ஒரு மனிதர் பாட்டாக்கிவிட்டார். இந்த வகை இசைக்கு ‘டப்’ என்று பெயர்.

அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். 1936இல் ஜமைக்காவின் கெண்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர். சாலை போடும் வேலையில் இருந்தபோது கல்லோடு கல் மோதும் ஓசையில் இசையைக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு கிங்ஸ்டனுக்கு வந்து காக்ஸன் டாட் நடத்திய இசைக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பாட்டு எழுதி, பாடகர்களைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் 1968இல் சொந்தமாக ‘அப்செட்டர்’ என்ற லேபிளைத் தொடங்கினார். பாப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவும் உலகப் புகழ் அடைவதற்கு முன்பு, 1970 வாக்கில், அவர்களுடைய ஒலியைச் செதுக்கியவர் இவர்தான். 1973இல் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ‘பிளாக் ஆர்க்’ ஸ்டூடியோவைக் கட்டினார்.

அங்கே அவரிடம் இருந்தது நான்கு தட டேப் ரெக்கார்டர், அதாவது ஒரே டேப்பில் நான்கு சத்தங்களைத் தனித்தனியாகப் பதிகிற மெஷின். லண்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய ஸ்டூடியோக்கள் பதினாறு, இருபத்து நான்கு தடங்களுக்குப் போய்விட்ட காலம் அது. நான்கு தடமும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து சுருக்கி வேறொரு டேப்பில் ஏற்றுவார். மிச்சமிருக்கும் தடங்களில் மேலும் பதிவு செய்வார். ஒவ்வொரு பிரதியிலும் டேப்பின் இரைச்சல் கொஞ்சம் ஏறும், ஒலியின் கூர்மை கொஞ்சம் மங்கும். அதைக் குறை என்று அவர் ஒதுக்கவில்லை. அந்த மங்கலைத்தான், மழை நாளில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தைப் போன்ற அந்த மென்மையைத்தான், பாட்டின் உடம்பாக்கினார். மேக்ஸ் ரோமியோ, ஜூனியர் மர்வின் என்ற பாடகர்கள், கோங்கோஸ் குழு என்று அந்தக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஒரு வசதிக்குறைவைக் கடைசித் துளிவரை பிழிந்து எடுத்திருக்கிறார் என்று தோன்றியது.

இந்த ஊரில் இவரை எங்கே, எப்படிக் கேட்டீர்கள்? எழுதுங்கள்.

ரசல் மார்க்கெட் பக்கம்

அண்ணா, எனக்கு இவர் அறிமுகமானதே இறந்த அன்றைக்குத்தான். 2021 ஆகஸ்ட் 29. சிவாஜிநகர்க்காரர்களுக்கு அது என்ன நாள் என்று தெரியும்: புனித மரியன்னை பசிலிக்காவின் கொடியேற்றம். பெருந்தொற்றுக் காலம் என்பதால் நான் கோயிலுக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜமைக்காவில் லூசியா என்ற ஊரின் மருத்துவமனையில் எண்பத்தைந்து வயது இசைக்கலைஞர் காலமானார் என்று என் தம்பி செய்தி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு பாட்டு. 1968இல் வந்த ‘பீப்பிள் ஃபன்னி பாய்’. குழந்தை அழுகிற சத்தத்தோடு ஆரம்பிக்கிறது!

அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். நான் ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதது பாட்டுக்குள்ளே இருந்த குழந்தை. பிற்காலத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரில் சர்வசாதாரணமாகச் செய்த காரியத்தை, வெளியிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்துப் பாட்டில் பதிப்பதை, இவர் அன்றைக்கே டேப்பில் செய்திருக்கிறார். தாய்க்கு வயிறு பதறும்படியாக ஒரு பாட்டைத் தொடங்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கணத்திலேயே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் திருவிழாவில் தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டுவார்கள். மாடியில் நின்றால் ஜெபம் முதலில் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும், பிறகு அடுத்த தெருவிலிருந்தும், அப்புறம் சுவரில் பட்டும் வரும். ‘வாழ்க’ என்ற ஒரே சொல் நான்கு முறை கேட்கும். சிறு வயதில் அதைக் கேட்டபடியே தூங்கியிருக்கிறேன். இவருடைய இசை எனக்குப் புதிதாகத் தெரியாததற்கு அதுதான் காரணமோ என்று நினைக்கிறேன்.

மைக்செட்காரர் மகன், அல்சூர்

அக்கா, நீங்கள் கேட்டது கணக்குப்படியே சரி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் கால் நொடிக்கு மேல் தாமதமாக வரும். ஸ்பீக்கர்களை எந்தத் திசையில் திருப்பினால் எதிரொலி குறையும் என்று அப்பா கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து யோசிப்பார்.

ஜாலஹள்ளி, ஓய்வு

ஐயா, நான் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெர்ரியைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் டப் இசையின் முன்னோடி கிங் டப்பியைச் சொல்லாமல் இந்தக் கதையை ஆரம்பிக்கக் கூடாது. ஆஸ்பர்ன் ரடக் என்பது இயற்பெயர். அவர் எங்கள் சாதி. அதாவது, சாலிடரிங் அயர்ன் பிடித்த சாதி. ரேடியோ பழுது பார்த்தார், ட்ரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றினார், ஆம்ப்ளிபயரைத் தானே கட்டினார். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் தன் வீட்டையே ஸ்டூடியோ ஆக்கினார். ஒரு பெரிய ஸ்டூடியோ கழித்துப்போட்ட மிக்ஸரை வாங்கி வந்து தன் கைக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொண்டார். அதில் ஒரு பில்டர் இருந்தது. ஒரே ஒரு திருகு. அதைத் திருப்பினால் அடிநாதம் படிப்படியாகக் கழன்று, தாளம் வெறும் தகரம்போல ஆகும். மறுபடியும் திருப்பினால் பாஸ் பூமியிலிருந்து எழுந்து வரும்.

இதை நான் கேட்டது என் மருமகன் காரில், ஹெப்பாள் மேம்பாலத்தின்மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது. மூன்றாவது நிமிடத்தில் “வண்டியை ஓரம் கட்டுங்கள் மாப்பிள்ளை” என்றேன். எந்த இடத்தில் என்ன சர்க்யூட் வேலை செய்கிறது என்று எனக்குக் காதிலேயே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் நாங்கள் மின் அலைகளைக் காட்டும் ஸ்கோப்பின் திரையில் பார்த்த அலைவடிவம் அது. அதற்கு இப்படி ஓர் அழகு உண்டென்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

1973இல் பெர்ரி வெளியிட்ட ‘பிளாக்போர்டு ஜங்கிள் டப்’ ஆல்பத்தில் டப்பியின் கையும் இருக்கிறது. டப்பியை 1989 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காக்ஸ் டவுன் மாணவன்

ஒரு நிகழ்ச்சியில் கையால் செய்த பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி டப் போட்டார்கள். பாஸ் காதில் கேட்கவே இல்லை, நெஞ்செலும்பில்தான் கேட்டது. சட்டைத் துணி தானாக அசைந்தது. வீட்டுக்கு வந்து அதே பாட்டைப் போனில் போட்டேன். பாஸ் இருந்த இடமே காலியாக இருந்தது. இதைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள், தயவுசெய்து ஒரு தடவை பெரிய பெட்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

பாஸ் வாசிப்பவள், ஃப்ரேசர் டவுன்

ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெர்ரி என்றாலே தன் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவைத் தானே கொளுத்தியவர், விசித்திர மனிதர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கொளுத்தியது தானே என்று அவர் சொன்னதும் உண்டு. மின்கசிவு என்று சொன்னவர்களும் உண்டு. எரிந்த கதையை விட்டுவிட்டு எரிவதற்கு முந்திய வேலையைப் பேசலாம். நான் பாஸ் கற்றுக்கொண்டதே போரிஸ் கார்டினரைக் கேட்டுத்தான். 1977இல் வந்த ‘ஹார்ட் ஆஃப் தி கோங்கோஸ்’ ஆல்பத்தில் அவர் எத்தனை சுரங்களை வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் எதிரொலி விழுவதற்கு இடமே இருக்காது. கிட்டாரில் எர்னஸ்ட் ரேங்க்ளின். இவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிளாக் ஆர்க் போன பிறகும் அவர் ஓயவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் இசைத் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட்டுடன் 1987இல் ஓர் ஆல்பம். பிறகு டப் தயாரிப்பாளர் மேட் ப்ரொபசருடன். கயானாவில் பிறந்த மேட் ப்ரொபசரும் சின்ன வயதிலிருந்தே எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியமாக இருந்து அந்தப் பட்டப்பெயரைப் பெற்றவர். ‘அரிவா’ ஸ்டூடியோவை 1979இல் தன் லண்டன் வீட்டு முன்னறையில் தொடங்கியவர். பெர்ரி பிறகு சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 2003இல் கிராமி விருது. எண்பத்து மூன்று வயதில், 2019இல், மறுபடியும் ஷெர்வுட்டுடன் ‘ரெயின்ஃபோர்ட்’. அது அவருடைய இயற்பெயர். அதில் அவர் குரல் தளர்ந்துதான் இருக்கிறது. ஷெர்வுட் அந்தத் தளர்ச்சியை மறைக்கப் பார்க்கவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் குரலை முன்னால் வைத்திருக்கிறார். என் பாட்டியின் கடைசி வருடங்களில் அவர் பேச்சை நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகுதான் அதை மறுபடி திறந்து கேட்கும் தைரியம் வந்தது.

காக்ஸ் டவுன் மாணவன்

அண்ணா, உங்கள் எக்கோ மெஷின் இப்போது ஓடுகிறதா?

மைக்செட்காரர் மகன், அல்சூர்

ஓடுகிறது தம்பி. ரப்பர் ரோலர் மட்டும் கெட்டியாகிவிட்டதால் சத்தம் லேசாக அலைகிறது. பெரியவர் வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறார். டேப் வளையம் சில மாதத்துக்கு ஒரு முறை தேய்ந்துவிடும். வெட்டி ஒட்டுவதை அவரிடமே கற்றுக்கொண்டேன். பிளேடைச் சாய்வாக வைத்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டு வரும்போதெல்லாம் ‘டக்’ என்று கேட்கும்.

அன்றைக்குப் புது டேப் போடும் முன், விட்டுப்போன பழைய டேப்பை ஒட்டி, பதிவும் அழிப்பும் நடக்காதபடி செய்து ஒரு தடவை ஓடவிட்டோம். எப்போதோ, எந்த மேடையிலோ கடைசியாகப் பதிந்த சத்தம் அதில் அப்படியே இருந்தது. இரண்டு நொடிகூட இல்லை. மைக்கை விரலால் தட்டுகிற சத்தம், பிறகு அப்பாவின் குரல்: “ஹலோ, மைக் டெஸ்டிங்.” அந்த வளையத்தைத் தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா, போட்டுக் காட்டுகிறேன். அக்கா, ஜாலஹள்ளி ஐயா, நீங்களும் வாருங்கள். பாஸ் வாசிக்கிற தங்கை பாஸையும் எடுத்து வரட்டும்.