செருப்புப் போட்டுக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டே

திவ்யா: மீனா அக்கா, தூங்கிவிட்டாயா? கொரிய மொழியில் ஒரு சந்தேகம். நாளை மறுநாள் வகுப்பில் தேர்வு.

மீனா: முழித்துத்தான் இருக்கிறேன். இங்கே கொரியாவில், சுவோனில் இப்போது மணி பத்தே முக்கால். கேள்.

திவ்யா: "அம்மா சமைக்கும்போது நான் படித்தேன்" என்று எழுதப் பார்த்தேன். ஒம்மாகா யோரிஹாமியொன்சொ ஜொனுன் கோங்புஹெஸ்ஸொயோ. ஆசிரியை மியொன்சொவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். ஒரே நேரத்தில் நடப்பதற்கு மியொன்சொதானே?

மீனா: ஒரே நேரம் மட்டும் போதாது, ஒரே ஆளும் வேண்டும். மியொன்சொ ஒருவர் இரண்டு வேலை செய்வதற்கு. உன் வாக்கியத்தில் சமைப்பது சித்தி, படிப்பது நீ. அங்கே நுன் தோங்ஆன் வர வேண்டும். ஒம்மாகா யோரிஹானுன் தோங்ஆன் ஜொனுன் கோங்புஹெஸ்ஸொயோ.

திவ்யா: புத்தகத்தில் இரண்டுக்குமே ஒரே ஆங்கில வார்த்தைதான் போட்டிருக்கிறார்கள் அக்கா. அதை வைத்துத்தான் எழுதினேன்.

மீனா: அதனால்தான் சொல்கிறேன், ஆங்கிலத்தை நடுவில் விடாதே. தமிழில் யோசி. "அம்மா சமைத்துக்கொண்டே நான் படித்தேன்" என்று உனக்கு வாயில் வருமா?

திவ்யா: வராது. "அம்மா சமைக்கும்போது" என்றுதான் வரும்.

மீனா: அவ்வளவுதான். கொண்டே வருகிற இடத்தில் மியொன்சொ. கொண்டே ஒட்டாமல் "போது" கேட்டால் தோங்ஆன் போட்டுப் பார்.

தாத்தா: குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். முப்பது வருடம் வகுப்பில் நடத்திய பாடம் இது. "செய்து" என்னும் எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும். வந்து உண்டான் என்றால் வந்தவனும் உண்டவனும் ஒருவனே. "செய" என்னும் எச்சத்துக்கு அந்தக் கட்டு இல்லை. மழை பெய்ய நெல் விளைந்தது. பெய்தது மழை, விளைந்தது நெல். கொரியாவிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதைக் கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

மீனா: தாத்தா, இதை நான் வந்த முதல் வருடமே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். காலமும் நம்மைப் போலத்தான், கடைசி வினைதான் சுமக்கும். மொகுமியொன்சொ பொவாஸ்ஸொயோ, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். மியொன்சொவுக்கு முன்னால் இறந்தகாலம் வைப்பதில்லை. வைத்தால் பொருளே மாறிவிடும். மொகொஸ்ஸுமியொன்சொ என்றால் "தானே சாப்பிட்டுவிட்டு, சாப்பிடவில்லை என்கிறான்" என்கிற மாதிரி.

திவ்யா: ஐயோ, அது வேறா?

மீனா: அதுவும் உனக்குத் தெரிந்ததுதான். ஆல்மியொன்சொ, தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்கிறான். நாமும் அதே கொண்டேயைத்தானே போட்டுத் திட்டுகிறோம்.

விஜயா: நீங்கள் பேசுவது பாதி புரிகிறது. மீனா, சாப்பிட்டாயா?

மீனா: சாப்பிட்டேன் சித்தி. திவ்யா, முக்கியமான ஒன்று, இதில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன். முதல் குளிர்காலம். வீட்டுக்காரப் பாட்டி, இந்தப் பனியில் என்ன போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேட்டார். ஷூ போட்டுக்கொண்டு வந்தேன் என்று சொல்ல நினைத்து உந்தோங்ஹ்வாருல் ஷினுமியொன்சொ வாஸ்ஸொயோ என்றேன்.

திவ்யா: சரியாகத்தானே இருக்கிறது?

மீனா: பாட்டி ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போனார். ஒரு ஷூவில் பாதிக் காலை நுழைத்து, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டு இழுத்துக்கொண்டே ஒரு அடி வைத்தார். "இது ஷினுமியொன்சொ." அப்புறம் காலை முழுசாக உள்ளே தள்ளி, நிமிர்ந்து, நாலு அடி நடந்தார். "இது ஷின்கோ." போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தால் மியொன்சொ. போட்டு முடித்து அந்த நிலையிலேயே வந்தால் கோ. தொப்பி, சட்டை, கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதுதான். அன்றைக்குப் படித்தது இன்றுவரை மறக்கவில்லை.

தாத்தா: செருப்புப் போட்டுக்கொண்டு வா. செருப்புப் போட்டுக்கொண்டே வா. வித்தியாசம் அந்த ஏகாரத்தில் இருக்கிறது. பாட்டியம்மா நல்ல ஆசிரியர்.

மீனா: ஆமாம் தாத்தா. உட்காருவது, நிற்பதற்கும் மியொன்சொ வேண்டாம் திவ்யா. ஆன்ஜாசொ மொகொயோ, உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆன்ஜுமியொன்சொ என்றால் உட்காரப் போகிற அந்த நொடியிலேயே வாயில் போடுகிறாய் என்று ஆகிவிடும்.

திவ்யா: எழுதிக்கொண்டேன். மியொன்சொவை வினையோடு சேர்க்கிற விதி? தூத்தா, கேட்பது, அது ஏன் தூருமியொன்சொ ஆகிறது?

மீனா: வினையடி உயிரில் முடிந்தால் வெறும் மியொன்சொ: போமியொன்சொ, பார்த்துக்கொண்டே. மெய்யில் முடிந்தால் நடுவில் ஒரு உ: மொகுமியொன்சொ. லகர மெய் மட்டும் விலக்கு, அதற்கு உ வேண்டாம்: மான்துல்மியொன்சொ, செய்துகொண்டே. தூத்தா ஒழுங்கில்லாத வினை, உ வந்தால் அதன் கடைசி மெய் மாறிவிடும். நடப்பதும் அந்த ஜாதிதான்: கொத்தா, கொருமியொன்சொ. இவற்றை மனப்பாடம் செய்துவிடு, வேறு வழி இல்லை.

திவ்யா: மியொ என்று ஒன்று செய்தியில் கேட்டேனே?

மீனா: அது எழுத்து நடை. பேச்சில் மியொன்சொ போதும். அறிவிப்புப் பலகையில் இரண்டும் இல்லாமல் ஜுங் வரும். சியோலில் நடந்துகொண்டே போன் பார்க்காதே என்று எச்சரிக்கும் பலகைகள் வைத்தார்கள், அதில் போஹேங் ஜுங் என்றுதான் இருந்தது. "நடையின்போது" என்கிற மாதிரி. வாயால் சொல்லும்போது கொருமியொன்சொ.

திவ்யா: அக்கா, இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல். ஒம்மாகா யோரிஹானுன் தோங்ஆன் ஜொனுன் கோங்புஹெஸ்ஸொயோ. ஒம்மானுன் யோரிஹாமியொன்சொ ஜொஹான்தே தானொருல் மூரொபொவாஸ்ஸொயோ.

மீனா: இரண்டும் சரி! சித்தி, உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். "அம்மா சமைக்கும்போது நான் படித்தேன். அம்மா சமைத்துக்கொண்டே என்னிடம் வார்த்தைகள் கேட்டார்."

விஜயா: எங்கே கேட்டேன்? எனக்குக் கொரியன் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே.

திவ்யா: தமிழில் பொருள் எழுதியிருக்கிறேன் அம்மா. நீ அதைப் படி, நான் கொரியனில் சொல்கிறேன்.

விஜயா: அப்படியானால் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வா. தோசை ஊற்றிக்கொண்டே கேட்கிறேன்.