புதுப்பிப்பு: வாளி நெல்லில் இலை மஞ்சளானது ஏன்?

போன மாதம் கேட்டிருந்தேன்: கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடியில் நாலு வாளி நெல் (பிஜி 300 என்ற மேம்படுத்திய இரகம் இரண்டு, பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய இரகம் இரண்டு; ஒவ்வொன்றிலும் ஒரு வாளியில் தண்ணீர் நிற்கும், மற்றதைக் காயவிட்டு ஊற்றினேன்), எல்லாவற்றுக்கும் ஒரே அளவு யூரியா, ஒன்று மட்டும் ஏன் மஞ்சள் என்று.

மஞ்சளானது பிஜி 300, அதுவும் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றிய வாளி. முதலில் அடி இலைகள்தான் வெளுத்தன. நைதரசன் குறைந்தால் பயிர் பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் குருத்துக்குக் கொடுக்கும். தண்ணீர் நிற்கும் சேற்றில் நைதரசன் பெரும்பாலும் அமோனியம் என்ற வடிவிலேயே இருக்கும், நெல்லுக்கும் அதுதான் விருப்பம். மண் காய்ந்தால் அது நைத்திரேற்று என்ற இன்னொரு வடிவமாகும். மறுபடி தண்ணீர் கட்டினால் அதில் ஒரு பங்கு வாயுவாகிப் பறந்துவிடும். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருந்தென்ன, காசு காற்றில்தான்!

பச்சைப்பெருமாள் இரண்டு வாளியிலும் கிட்டத்தட்ட ஒரே பச்சை. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன், வேர் அடிவரை போய்ச் சுருண்டு கிடந்தது. பிஜி 300 வேர் மேலேயே நின்றுவிட்டது. ஆனால் பெருமாளுக்கு யூரியா கொஞ்சம் கூடினாலும் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடுகிறார். இப்போது ஈர்க்குக் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என் கேள்விக்கு "பசளையைப் பிரித்துப் போடு" என்று பதில் எழுதியவர் சொன்னது சரி. அடுத்த முறை மூன்று தடவையாக.