மறு: பைபாஸ் வால்வுக்குத் தமிழ் – நம்ம ஊர் மறுகால் போதாதா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கார் பராமரிப்புச் சொல்லடைவுக்கான பட்டியலைப் பார்த்தேன். பிரேக், கிளட்ச் பகுதிகளில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் ஃபில்டரில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

> ஆயில் ஃபில்டர் – மசகெண்ணெய் வடிப்பான்
> பைபாஸ் வால்வு – மாற்றுவழி ஓரதர்
> ஆன்ட்டி டிரெயின்பேக் வால்வு – எதிர்ப் பின்வடிதல் ஓரதர்

முதல் சொல்லை 'எண்ணெய் வடிகட்டி' என்றே விட்டுவிடலாம். டீக்கடையில் தொங்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது, பெயரும் ஒன்றாக இருப்பதில் தப்பில்லை.

எனக்கு ஒரு சபலம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். நன்னூலில் கடை மாணாக்கருக்கு உவமையாக 'நெய்யரி' வருமே, அதை இதற்கு வைக்கலாமா என்று பார்த்தேன். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது மாணவனுக்கு இழுக்கு. எஞ்சினுக்கு வேண்டியதே அதுதான். நன்னூலுக்கு உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர், அந்த உரையைத் திருத்திய சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஊர்ப்பாசமும் சேர்ந்துகொண்டது. வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"நெய்யரின்னா என்ன வே?"

"பன்னாடை, அண்ணாச்சி. பதநீர் வடிகட்டுவாங்கள்லா."

கையிலிருந்த ஃபில்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க வண்டிக்கு நல்ல பன்னாடையா போட்டிருக்கேன்னு கஸ்டமர்ட்ட சொல்லச் சொல்லுதீரா?"

அத்தோடு நெய்யரியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சரி, வால்வுகளுக்கு வருவோம். இரண்டு ஃபில்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று பார்ப்பவனுக்கு இந்த இரண்டு சொல்லும்தான் முக்கியம். டப்பாவின் வெளிப்பூச்சில் ஒன்றும் தெரியாது.

பம்ப் அனுப்பும் எண்ணெய், ஃபில்டர் வாயைச் சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய், மடிப்பு மடிப்பான தாளைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறி பேரிங்குகளுக்குப் போகிறது. தாள் அழுக்கில் அடைத்துக்கொண்டாலோ, எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ, தாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடு குறித்த அளவைத் தாண்டினால் (வண்டிக்கு வண்டி மாறும், ஏறத்தாழ 1 பார் என்று வைத்துக்கொள்ளலாம்) ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே பேரிங்குக்கு விட்டுவிடும். அழுக்கெண்ணெய் போனால் தேய்மானம் கூடும். எண்ணெயே போகாவிட்டால் எஞ்சின் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு 'மாற்றுவழி' என்றால் எனக்கு 'பாலப்பணி நடைபெறுகிறது' பலகைதான் கண்முன் வருகிறது. நம் பக்கத்துக் குளங்களில் இதே வேலையைச் செய்வதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மறுகால். குளம் நிறைந்து கரைக்கு ஆபத்து வரும் முன் தண்ணீர் மறுகால் பாயும். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று ஊர்ப்பெயரிலேயே ஏறிவிட்ட சொல். பாய்ந்த தண்ணீர் பெரும்பாலும் அடுத்த குளத்துக்குப் போகும். இங்கேயும் எண்ணெய் சிந்திப் போவதில்லை, பேரிங்குக்குத்தான் போகிறது. அதனால் 'மறுகால் வால்வு' என்பது என் முன்மொழிவு. ஓரதர் அழகான சொல்தான், அதர் என்றால் வழி. ஆனால் அதைப் போட்ட ஒவ்வோர் இடத்திலும் பக்கத்தில் 'வால்வு' என்று எழுதித்தான் விளக்குகிறோம். அந்த 'வால்வு' மட்டுமே இருந்துவிட்டுப் போகட்டுமே.

இந்த வால்வு எல்லா ஃபில்டரிலும் இராது. சில எஞ்சின்களில் அது எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும். மரை ஒத்துப்போகிறதே என்று வேறு வண்டி ஃபில்டரை மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கையேட்டில் 'மறுகால் வால்வு உள்ளது / இல்லை' என்று ஒரு வரி போட்டால் போதும்.

அடுத்தது மூன்றாவது சொல். 'எதிர்ப் பின்வடிதல் ஓரதர்' என்று எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது: இதை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தீர்களா?

போன வருஷம் விலை குறைவு என்று ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் மூன்று நொடி கடகடவென்று சத்தம், பிறகு அமைதி. அண்ணாச்சி ஃபில்டரைக் கழற்றி, வாய்ப்பக்கத்தை வாளால் அறுத்துக் காட்டினார். உள்ளே துளைகளை மூடி உட்கார வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் விறைத்துப் போய், ஓரம் அப்பளம் மாதிரி மேலே தூக்கியிருந்தது. விரலால் அழுத்தினால் மடங்கவில்லை. "கெணத்து மோட்டார்ல ஃபுட்வால்வு போன கததான் வே. ராத்திரி பூரா எண்ணெ எறங்கிட்டு. காலைல டப்பா ரொம்புத வரைக்கும் மேல எண்ணெ ஏறாது."

இதைவிடத் தெளிவான வரையறை எனக்குத் தெரியவில்லை. இறங்கவிடாமல் தேக்கி வைக்கிற ரப்பர் இதழ். ஆகவே 'தேக்கிதழ்'. நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளாக ஆக இறுகும், சிலிக்கான் ரப்பர் அதைவிடத் தாங்கும். கடையில் துளை வழியே எட்டிப் பார்த்தால் முன்னது பெரும்பாலும் கறுப்பு, பின்னது ஆரஞ்சு அல்லது சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது, ரப்பருக்கு எந்தச் சாயமும் ஏறும். ஃபில்டரின் வாய் மேலே பார்த்து நிற்கும் வண்டிகளில் எண்ணெய் தானாகவே தங்கும். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டும் வண்டிகளுக்குத்தான் தேக்கிதழ் உயிர்.

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பீட்டா விகிதம் (வரும் துகள்களில் எத்தனைக்கு ஒன்று தப்புகிறது என்ற கணக்கு) இரண்டையும் தமிழாக்க வேண்டாம், விளக்கினால் போதும். பெட்டியில் '20 மைக்ரான்' என்று மட்டும் போட்டிருப்பதில் பிரயோசனமில்லை. அந்த அளவுத் துகள்களில் பாதியைப் பிடித்தாலும் அப்படிப் போடலாம். 20 மைக்ரானுக்கு பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிவிடும், பீட்டா 75 என்றால் 75-இல் ஒன்றுதான் தப்பும், அதாவது 98.7 விழுக்காடு பிடிபடும். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற பன்னாட்டுத் தரநிலைச் சோதனையில் வந்த எண்ணா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

> மறுகால் நெல்லைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? 'மறு கால்' என்று பிரித்து இன்னொரு கால் என்று படிப்பார்கள். கலிங்கு என்றால் இன்னும் பல மாவட்டங்களில் புரியுமே.

ஐயா, வாய்க்காலை யாரும் வாயும் காலும் என்று பிரித்துப் படிப்பதில்லையே! கால் என்றால் நீர் ஓடும் வழி, மறுகால் என்றால் இன்னொரு வழி. பைபாஸும் அதேதான். கலிங்கு நல்ல சொல், ஆனால் குளத்தைப் பார்க்காதவருக்கு அது வெறும் பெயர். மறுகாலைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடுகிறது. புதுச்சொல் என்று தயங்கவும் வேண்டாம். 1923-இல் அமெரிக்காவில் வந்த கார் ஆயில் ஃபில்டருக்கே 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்ற மூன்று சொல்லை நசுக்கி 'ப்யூரொலேட்டர்' என்றுதான் பெயர் வைத்தார்கள்.

நேற்று ஆயில் மாற்றப் போனபோது ஒரு சோதனையும் செய்தேன். முன்விளக்கம் எதுவும் கொடுக்காமல், "அண்ணாச்சி, இந்த ஃபில்டர்ல மறுகால் வால்வு இருக்கா?" என்றேன்.

புது ஃபில்டரின் வாஷரில் விரலால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "அடைச்சா தொறக்குமே, அதானே? இருக்கு."

தேக்கிதழ் தேறவில்லை. "தேக்கு எலையா? அது எதுக்கு வே?" என்றார். அவர் அதை ஃபுட்வால்வு ரப்பர் என்றுதான் சொல்லுவாராம். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், மற்றதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.