சுகரே இல்லாத அப்பாவுக்கு சுகர் ஊசியா?

பாளை_பையன்:
அப்பாவுக்கு 61 வயது, எடை 94 கிலோ. மூன்று வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது. போன மாதம் ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்போடு தழும்பும் விழ ஆரம்பித்திருக்கிறது, எஃப்2, அதாவது தழும்பு நடுத்தர நிலை என்று போட்டிருக்கிறார்கள். குடிப்பழக்கம் கிடையாது. டாக்டர் வாரம் ஒரு செமக்ளூடைட் ஊசி எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில் வாங்கப் போனால் "இது சுகர் ஊசியாச்சே" என்று கடைக்காரர் சும்மா சொன்னதுதான், அப்பா "எனக்கு ஏது சுகர், இன்சுலின் போட மாட்டேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். யாராவது போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வெண்தாடி:
தம்பி, இது இன்சுலினே இல்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்து. பசி அடங்கும், வயிறு மெதுவாகக் காலியாகும். முதலில் சுகருக்குத்தான் வந்தது, அது உண்மை. ஆனால் 2023இல் வந்த செலக்ட் ஆய்வில் சேர்த்த 17,604 பேருமே சுகர் இல்லாதவர்கள்தான், எடை கூடி ஏற்கெனவே இதயம், ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள், அதாவது உங்கள் அப்பா மாதிரி. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு எல்லாம் சேர்த்து 20% குறைந்தது என்பார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலாகப் பார்த்ததில் 100 பேரில் 8 பேருக்கு வந்திருக்க வேண்டியது 6.5 ஆனது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதுவே லாபம். கல்லீரலுக்கும் எஃப்2, எஃப்3 நிலையில் அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். அதற்கான ஆய்வில் 72 வாரம் போட்டவர்களில் 63% பேருக்குக் கல்லீரல் அழற்சி அடங்கியது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 34%. தழும்பு அந்த அளவுக்கு இறங்கவில்லை, மருந்து போட்டவர்களில் 37% பேருக்கும் வெற்று ஊசியில் 22% பேருக்கும்தான் குறைந்தது.

ஞாயிறு_ஊசி:
நான் ஏழு மாதமாகப் போடுகிறேன். 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து மாதத்துக்கு ஒரு படி ஏற்றுவார்கள், கடைசிப் படி 2.4. ஊசி முடி கனம்தான், தொப்புளுக்குப் பக்கத்தில் நானே குத்திக்கொள்வேன். ஒவ்வொரு படி ஏறும்போதும் இரண்டு நாள் குமட்டும். எங்கள் வீட்டில் பூரி மணமே ஆகாமல் போய்விட்டது! அப்புறம் மலச்சிக்கல். பேனாவை ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடுகு:
எல்லாம் சரி, நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே. என் மச்சான் பத்து கிலோ இறக்கிவிட்டு, செலவு கட்டவில்லை என்று விட்டார், வருடம் திரும்புவதற்குள் ஏழு கிலோ ஏறிவிட்டது. இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதனால் முட்டை, பருப்பு, சுண்டல் என்று ஏதாவது தினமும் உள்ளே போக வேண்டும், நடையும் வேண்டும். பித்தப்பையில் கல், கணைய அழற்சி முன்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி என்கிற அரிய வகைப் புற்றுநோய் இருந்ததா, இதையெல்லாம் முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெண்தாடி:
கடுகு சொல்வது சரி. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது மாதிரிதான் இதுவும். செலவு விஷயத்தில், இந்தியாவில் இதன் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு நம்மூர் கம்பெனிகளும் தயாரித்து விற்கலாம். ஸ்டென்டுக்குத் தருகிற மாத்திரைகளை மட்டும் இதைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

பாளை_பையன்:
எல்லோருக்கும் நன்றி. பித்தப்பையில் கல் இருந்து 2011இல் ஆபரேஷன் ஆனது, டாக்டரிடம் சொல்லவே இல்லை, நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். "இன்சுலின் இல்லை" என்று நான்கு தடவை வாசித்துக் காட்டியதும் அப்பா அரை மனதாகச் சரி என்றார், ஆனால் முதல் ஊசி ஞாயிற்றுக்கிழமை வேண்டாமாம், அன்றைக்குக் கறிக்குழம்பு.