சாலிலக்வி: தனிமொழியா, உட்சொல்லா?

பாம்பன்:
அனைவருக்கும் வணக்கம். ஹாம்லெட் மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாலிலக்விக்கு, அதாவது நாடகப் பாத்திரம் தன் மனத்தில் உள்ளதைத் தனக்குத்தானே உரக்கச் சொல்லும் பேச்சுக்கு, இதுவரை 'தனிமொழி' என்றே போட்டிருக்கிறோம். அதே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி படிக்கிறார்கள். அங்கே தனிமொழி என்றால் ஒற்றைச் சொல். 'தனிமொழிகளில் கருப்பொருள் எப்படி வெளிப்படுகிறது?' என்று கேட்டால், அடிக்கடி வரும் சொற்களைப் பொறுக்கி எழுதுகிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

தொண்டி:
தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. 'புலம்புரை' என வைக்கலாம். நெய்தல் தலைவனுக்கே புலம்பன் என்று பெயர். நம் கரைக்கு உரிய சொல். புலம், புலன், புலம்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. ஆளற்ற நிலத்தில் நிற்பவனுக்குத்தான் தன் புலன் தெளியும். இன்னொன்று, 'கருப்பொருள்' என்பதையும் மாற்றுங்கள். நெய்தலுக்குக் கருப்பொருள் மீனும் உப்பும். நீங்கள் கேட்பது மையக்கருத்து.

கீழக்கரை:
மையக்கருத்து சரி. புலம்புரை வேண்டாம் ஐயா. இன்று புலம்பல் என்றால் அழுகை. 2ஆம் அங்க முடிவில் ஹாம்லெட், நாடகம் போட்டு அரசன் மனச்சாட்சியைப் பிடிக்கத் திட்டமிடுகிறான். அது புலம்பலா?

தனிமையும் இங்கே அளவுகோல் இல்லை. 3ஆம் அங்கம் முதல் காட்சியில், இருப்பதா இறப்பதா என்று அவன் பேசும்போது அவன் காதலி ஒபீலியா அருகில்தான் இருக்கிறாள். அரசன் கிளாடியஸும் அவள் தந்தை பொலோனியஸும் மறைந்து நிற்கிறார்கள். 3ஆம் காட்சியைப் பாருங்கள். கிளாடியஸ் மன்னிப்பு வேண்டுகிறான், ஆனால் ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்றதால் வந்த முடியையும் ஆசையையும் அரசியையும் விட மனமில்லை. மண்டியிட்டவனைக் கண்ட ஹாம்லெட், வழிபாட்டில் கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று வாளை உறையிலிடுகிறான். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழவில்லை. அவன் போன பிறகு அரசன் எழுந்து, சொல் மேலே போயிற்று, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்கிறான். வேடமும் உண்மையும் வேறு என்ற மையக்கருத்து இங்கே திறக்கிறது. வாய்க்கும் நெஞ்சுக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சொல் காட்ட வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் நாடகச் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூன்றாக்குகிறார். கேட்போருக்குக் கூறுவது புறச்சொல், நெஞ்சொடு கூறுவது உட்சொல். அதையே எடுப்போம்.

தேவிபட்டினம்:
அதே உரையில் 'தானே கூறல்' ஆகாயச்சொல் அல்லவா? முறைப்படி அதுதான் பொருந்தும்.

கீழக்கரை:
பிள்ளைகள் அசரீரி என்று எழுதுவார்கள் ஐயா. உட்சொல்லைக் குறள் வழியே நடத்தலாம். 125ஆம் அதிகாரமே நெஞ்சொடு கிளத்தல். 'பேதைமை வாழியென் நெஞ்சு' என்ற அடியைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பாடம் முடிந்தது.

மண்டபம்:
உட்சொல் என்றால் வாய்க்குள் முனகுவது என்றாகிவிடாதா? மேடையில் உரக்கச் சொல்ல வேண்டியது. மக்பெத் கடைசி அங்கத்தில் 'நாளை, நாளை' என்று பேசும்போது பணியாள் சேட்டன் பக்கத்தில் நிற்கிறான். அது உட்சொல்லா, புறச்சொல்லா? இரண்டுக்கும் இடமுண்டு. அதனால் சொல்லோடு 3 கேள்விகளையும் அச்சிடுங்கள்: யாரை நோக்கிப் பேசுகிறார்? மேடையில் யாருக்குக் கேட்கும்? மற்றவரிடம் மறைத்த எது இங்கே வெளிவருகிறது? மூன்றாவதன் விடையில்தான் மையக்கருத்து கிடைக்கும்.

பாம்பன்:
நேரமில்லை. உட்சொல் என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்பில் தனிமொழி. 3 கேள்விகளும் சேரும்.

தொண்டி:
அச்சேறட்டும். புலம்புரையை நான் விடவில்லை. அதிருக்க, 'அசைடு'க்கு, மேடையில் மற்றவர் காதில் விழாததாகப் பக்கமாகச் சொல்வதற்கு, என்ன வைத்திருக்கிறீர்கள்? ஹாம்லெட் வாய் திறக்கும் முதல் வரியையே பல பதிப்புகள் அசைடு என்றுதான் குறிக்கின்றன.